தெளிவுக் கனவு மனநலத்தைக் கெடுக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே "இது கனவு" என்று காண்பவருக்குத் தெரிந்துவிட்டால் அது தெளிவுக் கனவு. லூசிட் ட்ரீம் என்ற பெயரில் இணையம் முழுக்கப் பேசப்படுவது இதுதான். சிலருக்கு அது தானாக வருகிறது. வேறு பலர் அதை வரவழைக்கப் பயிற்சி எடுக்கிறார்கள். பயிற்சி தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பயமும் தொடங்கிவிடுகிறது. அப்படிப் பயந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். உறக்க ஆய்வுகளை விடாமல் படித்து வருபவன். உங்கள் உடலையும் மனத்தையும் அறிந்த மருத்துவர் இதற்கு மாறாகச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். கெடுக்குமா, கெடுக்காதா?

கனவு கெடுப்பதாகச் சான்று இல்லை. அதை வரவழைப்பதற்காகச் செய்யும் வேலைகள் சிலரைக் கெடுக்கலாம். அந்தச் சிலர் யார் என்பது ஓரளவு முன்கூட்டியே தெரியும். இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் ஒருவர் "துளியும் ஆபத்தில்லை" என்று அடித்துச் சொல்கிறார், இன்னொருவர் "பைத்தியம் பிடித்துவிடும்" என்று மிரட்டுகிறார்.

இது உண்மையிலேயே நடக்கிறதா, வெறும் கற்பனையா?

நடக்கிறது. கனவுகள் மிகுதியாக வரும் ஆர்.ஈ.எம். உறக்கத்தில் உடலின் தசைகள் பெரும்பாலும் செயலற்றுக் கிடக்கும். கண்கள் மட்டும் அசையும். இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹேர்ன் 1975இல் அந்தக் கண்களையே சாட்சியாக்கினார். முன்கூட்டியே பேசிவைத்தபடி, கனவுக்குள் இருந்தவர் கண்களை இடமும் வலமுமாக அசைத்தார்; கருவி அதைப் பதிவு செய்தது. உறங்கியவர் நிஜமாகவே உறங்கிக்கொண்டிருந்தார் என்பதை மூளை அலைப் பதிவு காட்டியது. ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் லபெர்ஜ், ஹேர்னின் வேலையைச் சாராமல், இதே முறையில் செய்து 1981இல் வெளியிட்டார்.

2021இல் அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நான்கு நாட்டு ஆய்வகங்கள் ஒரு படி மேலே போயின. உறங்குபவரிடம் "எட்டிலிருந்து ஆறு போனால்?" என்று கேட்டார்கள், அவர் கண்களை இரண்டு முறை அசைத்துப் பதில் சொன்னார். எல்லா முயற்சியிலும் பதில் வரவில்லை, ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில்தான் சரியான விடை கிடைத்தது. ஆனாலும் உறங்கும் மனிதர் கணக்குப் போட்டார் என்பதே போதாதா?

நான் எந்தப் பயிற்சியும் செய்வதில்லை. ஆனாலும் அடிக்கடி வருகிறது. எனக்கு ஏதாவது கோளாறா?

பெரும்பாலும் இல்லை. ஐம்பது ஆண்டுகளில் வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, வாழ்நாளில் ஒரு முறையாவது தெளிவுக் கனவு கண்டவர்கள் சுமார் 55%. மாதம் ஒரு முறையோ அதற்கு மேலோ காண்பவர்கள் சுமார் 23%. இத்தனை பேருக்கு வரும் ஒன்றை நோய் என்று சொல்லமுடியாது.

ஒரே ஒரு விதிவிலக்கு. பகலில் அடக்கமுடியாத தூக்கம் வந்து விழுகிறீர்கள், பலமாகச் சிரித்தாலோ கோபப்பட்டாலோ கால் தளர்ந்து போகிறது, அதோடு தெளிவுக் கனவும் அடிக்கடி வருகிறது என்றால் உறக்க மருத்துவரைப் பாருங்கள். நார்கோலெப்ஸி என்ற நரம்பியல் நோய் உள்ளவர்களுக்குத் தெளிவுக் கனவு மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது. கனவு நோயை உண்டாக்கவில்லை, நோய்தான் கனவைக் கொண்டுவருகிறது.

ஒரு ஆய்வு நல்லது என்கிறது, இன்னொன்று கெட்டது என்கிறது. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம், அவை எதை அளந்தன என்று பார்த்தால்.

இஸ்ரேலில் தமார் அவிராமும் நிரித் சோஃபர்-டூடெக்கும் மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2018இல் வெளியானது. தெளிவுக் கனவு எத்தனை முறை வருகிறது என்பதற்கும் மனநலக் குறைபாட்டுக்கும் தொடர்பு தென்படவில்லை. கனவின் தீவிரம், அதாவது கட்டுப்பாடு, நல்லுணர்வு, தெளிவு நீடிக்கும் நேரம் ஆகியவை, கூடக் கூட மனத்துயரம் குறைவாகவே இருந்தது. இதுவரை நல்ல செய்தி. ஆனால் வேண்டுமென்றே கனவை வரவழைக்க உத்திகளைக் கையாண்டவர்களிடம் படம் வேறாக இருந்தது. இரண்டு மாதம் கழித்து மறுபடி கேட்டபோது, தன்னிலிருந்தே விலகி நிற்பது போன்ற உணர்வும், நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் மனநிலையான சைக்கோசிஸின் மெல்லிய சாயல் கொண்ட சில எண்ணப்போக்குகளும் அவர்களிடம் கூடியிருந்தன.

இதை வைத்துக்கொண்டு "பயிற்சி பைத்தியமாக்கும்" என்று தலைப்புப் போடுவது அநியாயம். பங்கேற்றவர்கள் குறைவு, இரண்டாம் சுற்றுக்கு வந்தவர்கள் இன்னும் குறைவு. ஏற்கெனவே மனக்கலக்கத்தில் இருப்பவர்கள்தான் இப்படிப்பட்ட பயிற்சியைத் தேடிப் போகிறார்களோ என்ற கேள்வியும் மிச்சமிருக்கிறது. ஆனால் அலட்சியப்படுத்தவும் கூடாது. "தெளிவுக் கனவு நமக்கு நல்லதா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறோமே, கேள்வியே சரியா என்று சோஃபர்-டூடெக் பின்னர் எழுதிய எச்சரிக்கைக் கட்டுரை, இந்தத் துறையில் உற்சாகத்துக்குக் கடிவாளம் போட்ட எழுத்துகளில் ஒன்று.

இன்னொரு சிக்கலும் உண்டு. கெட்ட கனவு அடிக்கடி வருபவர்களுக்குத் தெளிவுக் கனவும் அதிகம் வருகிறது. பயத்தின் உச்சியில் "இது கனவுதானே" என்று மனம் விழித்துக்கொள்கிறது. ஆகவே தெளிவுக் கனவு காண்பவர்களின் உறக்கம் மோசம் என்று ஒரு கணக்கெடுப்பு சொன்னால், அந்தப் பழி கெட்ட கனவைச் சேர வேண்டியதாக இருக்கலாம். ஜெர்மானிய ஆய்வாளர்கள் கெட்ட கனவின் பங்கைக் கழித்துப் பார்த்தபோது, தெளிவுக் கனவுக்கும் மோசமான உறக்கத்துக்கும் இருந்த தொடர்பு மறைந்துபோனது.

பயிற்சியால் உறக்கம் கெடுமா?

என் பார்வையில் இதுதான் முதன்மையான கேள்வி. மற்ற பயங்களில் பாதி இதற்குள் அடங்கிவிடும்.

மிகவும் பரவலான உத்தி இப்படிப் போகும். ஐந்து மணி நேரம் உறங்கியதும் அலாரம் வைத்து எழ வேண்டும். சற்று நேரம் விழித்திருந்து, "அடுத்த முறை கனவு காணும்போது அது கனவு என்பதை நினைவில் கொள்வேன்" என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே மறுபடி உறங்க வேண்டும். அந்த நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில் காரணம் இருக்கிறது: உறக்கம் சுமார் 90 நிமிடச் சுற்றுகளாக நகர்கிறது, ஆர்.ஈ.எம். பகுதி விடியற்காலைச் சுற்றுகளில்தான் நீள்கிறது. அதாவது, கனவுக்காக நீங்கள் வெட்டிக் கொடுப்பது இரவின் கனவு வளம் மிக்க பகுதியை.

வெற்றி விகிதம் என்ன? ஆஸ்திரேலியாவில் டென்ஹோம் ஆஸ்பி 2017இல் வெளியிட்ட ஆய்வில், உத்திகளைச் சேர்த்துச் செய்த 47 பேர் ஒரு வாரம் முயன்றார்கள். 17% இரவுகளில் தெளிவுக் கனவு கிடைத்தது. அந்தத் துறையில் அது நல்ல எண்ணிக்கை, பாராட்டித்தான் எழுதினார்கள். நான் மறுபக்கத்தைப் பார்க்கிறேன். ஆறில் ஐந்து இரவுகள், எழுந்ததற்குப் பலன் ஏதும் இல்லாமல் போயிருக்கின்றன. வேறொன்றையும் அந்த ஆய்வு கண்டது: உத்தியை முடித்த ஐந்து நிமிடங்களுக்குள் உறங்கிப்போனவர்களுக்கு வெற்றி 46%. வெற்றி கண்டவர்கள் மறுநாள் அவ்வளவாகக் களைப்படையவும் இல்லை. இதிலிருந்து "தெளிவுக் கனவு உறக்கத்தைக் கெடுக்காது" என்ற முடிவுக்கு வந்தார்கள். சரிதான். ஆனால் அது எளிதில் உறங்குபவர்களுக்கான செய்தி. நடு இரவில் எழுந்தால் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பவருக்கு இந்த உத்தி வெற்றியும் தராது, உறக்கத்தையும் எடுத்துக்கொள்ளும். உறக்கமின்மை ஏற்கெனவே உள்ளவர் இதைத் தொடவே வேண்டாம் என்பேன்.

உறக்கக் குறைவின் விளைவுகள் ஊகம் அல்ல. கவலை கூடும், எரிச்சல் கூடும், மனச்சோர்வு ஆழமாகும். கடுமையாக விழித்திருந்தால் இல்லாதது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கும் போகும். "தெளிவுக் கனவு பயிற்சியால் எனக்கு மனக்கலக்கம் வந்தது" என்று சொல்பவரிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை மணி நேரம் உறங்குகிறீர்கள்?" என்பதுதான்.

பகல் முழுக்க "இது கனவா?" என்று சோதித்துக்கொண்டே இருக்கிறேன். இது ஆபத்தா?

ரியாலிட்டி செக் என்று சொல்லப்படும் இந்தப் பழக்கம் எளிமையானது: மூக்கை மூடிக்கொண்டு மூச்சு வருகிறதா என்று பார்ப்பது, எழுத்தை ஒரு முறை படித்துவிட்டு மறுபடி படிப்பது, விரல்களை எண்ணுவது. பகலில் பழக்கமாகிவிட்டால் கனவிலும் அதையே செய்வோம், அங்கே விடை தப்பாக வரும், உண்மை தெரிந்துவிடும் என்பது கணக்கு.

பெரும்பாலோருக்கு இது விளையாட்டுதான். சோதனையின் விடை ஒவ்வொரு முறையும் "விழித்திருக்கிறேன்" என்று வருகிறது, அதை நம்பி அடுத்த வேலைக்குப் போகிறார்கள். ஆனால் சிலருக்கு உலகமே கண்ணாடிக்கு அப்பால் இருப்பது போலவும், தாம் தம்மையே வெளியிலிருந்து பார்ப்பது போலவும் ஓர் உணர்வு அவ்வப்போது வரும். கடும் பதற்றத்திலும், அதிர்ச்சிக்குப் பின்னும், கஞ்சா புகைத்த பின்னும் இது வருவதுண்டு. அப்படிப்பட்டவர் நாளுக்குப் பலமுறை "இது நிஜமா?" என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது, ஆறவேண்டிய புண்ணைச் சொறிவதற்குச் சமம். சோதனை முடிந்த பிறகும் சந்தேகம் தீரவில்லையானால், அல்லது சோதிக்காமல் இருக்க முடியவில்லையானால், அன்றே நிறுத்துங்கள். எதையும் பலமுறை சரிபார்க்கும் மனச்சுழல் நோய் உள்ளவர்களுக்கும் இதே அறிவுரை.

சொல்லப்போனால், தனியாகச் செய்யும்போது இந்தச் சோதனை அவ்வளவாகப் பலன் தருவதும் இல்லை. கனவை நாளேட்டில் எழுதுவதும், உறங்கப்போகும்போது தீர்மானித்துக்கொள்வதும் போதும்.

கனவையும் நிஜத்தையும் குழப்பிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடுவேனா?

எல்லோரும் எப்போதாவது குழப்பிக்கொள்கிறோம். "இதை அவரிடம் சொன்னேனா, கனவில் சொன்னேனா?" என்ற தடுமாற்றம் சாதாரணம். நார்கோலெப்ஸி உள்ளவர்களிடம் 2014இல் வெளியான ஓர் ஆய்வில், கனவை நிஜ நினைவென்று குழப்பிக்கொண்டதாகச் சொன்னவர்கள் 83%, நோயற்றவர்களிடம் 15%. அந்தப் பதினைந்தைக் கவனியுங்கள், அவர்கள் யாரும் நோயாளிகள் அல்லர்.

தெளிவுக் கனவு மிகத் துல்லியமாக நினைவில் நிற்பதால் குழப்பம் கூடலாம் என்பது நியாயமான கவலை. எழுந்தவுடன் கனவை எழுதிவைப்பது இங்கே உதவும்: தேதியுடன் தாளில் இருப்பதை நிஜ நினைவென்று நம்புவது கடினம். கனவில் ஒருவர் உங்களை அவமதித்ததற்காக விழித்த பிறகு அவரிடம் சண்டைக்குப் போகிறீர்கள், அது கனவு என்று சொன்னாலும் மனம் ஏற்கவில்லை என்றால் அது வேறு விஷயம். மருத்துவரிடம் போகவேண்டிய விஷயம்.

ஸ்கிசோஃப்ரினியா வந்துவிடுமா?

தெளிவுக் கனவு ஸ்கிசோஃப்ரினியாவை, அதாவது மனச்சிதைவு நோயை, உண்டாக்கியதாக எந்த ஆய்வும் காட்டவில்லை. அந்த நோயில் மரபணுக்களுக்கும் மூளை வளர்ச்சிக்கும் பெரிய பங்கு உண்டு. பெரும்பாலும் பதின்பருவத்தின் கடைசியிலோ இருபதுகளிலோ தலைகாட்டுகிறது. இணையத்தில் தெளிவுக் கனவைத் தேடிப் படிக்கும் வயதும் அதுவே. இரண்டும் ஒரே காலத்தில் வந்தால் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று தோன்றுவது இயல்பு.

அறிவியலாளர்கள் இதில் ஆர்வம் காட்டுவதற்குச் சுவையான காரணம் ஒன்று இருக்கிறது. சாதாரணக் கனவில் எவ்வளவு அபத்தம் நடந்தாலும் நாம் சந்தேகிப்பதில்லை. சைக்கோசிஸில் இருப்பவரும் தம் பிரமையைச் சந்தேகிப்பதில்லை. தெளிவுக் கனவில் திரும்பக் கிடைப்பது அந்தச் சந்தேகிக்கும் திறன்தான். அப்படியானால் நோயாளிகளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தால் பிரமையை இனம்காண உதவுமா? கேட்க அழகாக இருக்கிறது. பிரேசிலில் சைக்கோசிஸ் உள்ளவர்களிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வு அந்த நம்பிக்கையைத் தளர்த்தியது. அவர்களுக்குத் தெளிவுக் கனவு மற்றவர்களைவிட அதிகமாக வரவில்லை. வந்தபோது கனவின் மீதான கட்டுப்பாடு மட்டும் அதிகமாக இருந்தது. ஆனால் அதனால் நோயின் கடுமை குறையவில்லை. தம் எண்ணப்படி உலகை வளைக்கும் அனுபவம் பிரமையை உறுதிப்படுத்திவிடுமோ என்று ஆய்வாளர்கள் அஞ்சினார்கள். கற்றுக்கொடுப்பதில் எச்சரிக்கை வேண்டும் என்றே முடித்தார்கள்.

அப்படியானால் யார் முயலவே கூடாது?

சைக்கோசிஸ் இருப்பவர்கள், முன்பு இருந்தவர்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ அந்த நோய் இருந்தால் நீங்களும் ஒதுங்கியிருப்பதே நல்லது. மனம் மிகையான எழுச்சிக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் இடையே மாறும் இருமுனைக் கோளாறு உள்ளவர்கள் கட்டாயம் ஒதுங்க வேண்டும். அவர்களுக்கு உறக்கம் குறைவதே மிகையெழுச்சிக் கட்டத்தைத் தூண்டிவிடும், கனவு வருகிறதா இல்லையா என்பது அப்புறம். மேலே சொன்ன விலகல் உணர்வு அடிக்கடி வருபவர்களும், தீராத உறக்கமின்மை உள்ளவர்களும் வேண்டாம். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும் உறக்கத்தை வெட்டும் உத்திகள் ஆகாது. உறக்கக் குறைவு வலிப்பைக் கொண்டுவரும்.

சாதாரணக் கவலை, மிதமான மனச்சோர்வு இருந்தால்? தடை என்று சொல்லமாட்டேன். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, உறக்கத்தை வெட்டாத முறைகளோடு நிற்கலாம்.

விழித்தேன், உடலை அசைக்க முடியவில்லை, அறையில் யாரோ நிற்பது போல இருந்தது. பயிற்சியால்தானே?

இருக்கலாம். இதற்கு உறக்க முடக்கம் என்று பெயர். பேய் அமுக்கியது என்று பலர் சொல்வதும் இதையே. ஆர்.ஈ.எம். உறக்கத்தில் தசைகளை முடக்கிவைக்கும் ஏற்பாடு, மனம் விழித்த பிறகும் சில கணங்கள் தொடர்கிறது. கனவின் மிச்சம் கண் முன்னால் நிற்கும் அறைக்குள் கசிகிறது. மக்கள்தொகையில் ஏறக்குறைய 8% பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது இதை அனுபவிக்கிறார்கள், பயிற்சி எதுவும் இல்லாமலே.

தெளிவுக் கனவு அதிகம் காண்பவர்களுக்கு உறக்க முடக்கமும் சற்று அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. விழிப்பிலிருந்து நேராகக் கனவுக்குள் நுழைய முயலும் உத்தியில் இது வேண்டுமென்றே கடக்கவேண்டிய வாசலாகவே பேசப்படுகிறது, அந்த உத்தியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. உடலுக்கு இதனால் தீங்கு இல்லை. மூச்சு நிற்பதில்லை, சீராக விடலாம். ஒரு விரல் நுனியையோ கால் விரலையோ அசைக்க முயன்றால் போதும். உண்மையான தொல்லை அடுத்த இரவில் வருகிறது: படுக்கவே பயம், அதனால் உறக்கம் தள்ளிப்போகிறது, உறக்கம் குறைந்ததால் முடக்கம் மறுபடி வருகிறது. மல்லாந்து படுப்பதைத் தவிர்த்து, உறக்க நேரத்தை ஒழுங்காக்கினால் பெரும்பாலும் குறைந்துவிடும்.

கனவுக்குள் மாட்டிக்கொண்டு எழ முடியாமல் போகுமா? அங்கே பல ஆண்டுகள் வாழ்ந்தேன் என்கிறார்களே?

மாட்டிக்கொள்ள வழியே இல்லை. ஆர்.ஈ.எம். கட்டம் முடிந்தால் கனவும் முடியும். விடியற்காலையில் கூட அது பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். எழுந்துவிட்டதாகக் கனவு கண்டு, அதிலிருந்து மறுபடி எழுவது போல அடுக்கடுக்காக வருவதுண்டு. எரிச்சலூட்டும், சிலரை நன்றாகவே பயமுறுத்தும், ஆனால் தானே முடிந்துவிடும்.

ஆண்டுக் கணக்கில் வாழ்ந்த கதைகளை நம்ப வேண்டாம். கனவுக்குள் எண்ணச் சொல்லிக் கண்ணசைவு மூலம் நேரத்தை அளந்திருக்கிறார்கள். கனவில் பத்து எண்ண ஆகும் நேரம் விழிப்பில் ஆகும் நேரத்தை ஒட்டியே இருக்கிறது. உடலசைவு வேலைகளுக்குக் கனவில் சற்றுக் கூடுதல் நேரமே பிடிக்கிறது. கனவில் இறந்தால் நிஜத்தில் இறப்போம் என்பதும் வெறும் கதை.

கெட்ட கனவுகளுக்கு இது மருந்து என்று படித்தேன். முயலலாமா?

ஓரளவு உண்மை. துரத்துபவனைக் கண்டு ஓடாமல் நின்று "நீ யார்?" என்று கேட்க முடிந்தால் கனவின் பிடி தளர்கிறது. அமெரிக்க உறக்க மருத்துவ அகாடமி 2018இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், கெட்ட கனவுக் கோளாறுக்குத் தெளிவுக் கனவுச் சிகிச்சையைப் "பயன்படுத்தலாம்" என்ற பட்டியலில் வைத்தது. முதலிடம் அதற்கு இல்லை. பரிந்துரை பெற்றது வேறு முறை: விழித்திருக்கும்போதே கெட்ட கனவின் முடிவை மாற்றி எழுதி, அந்தப் புதிய வடிவத்தைத் தினமும் மனத்தில் ஓட்டிப் பார்ப்பது. உறக்கத்தை வெட்டாது, எளிது, நீண்ட காலமாகச் சோதிக்கப்பட்டது.

நெதர்லாந்தில் 2006இல் 23 பேரிடம் தெளிவுக் கனவுச் சிகிச்சையைச் சோதித்தார்கள். கெட்ட கனவுகள் குறைந்தன. வியப்பு என்னவென்றால், தெளிவுக் கனவே வராதவர்களுக்கும் குறைந்தது. "என்னால் இதை மாற்ற முடியும்" என்ற எண்ணமே வேலையின் பெரும்பகுதியைச் செய்கிறதோ என்று கேட்கத் தோன்றுகிறது.

எதிர்ப்பக்கமும் உண்டு. கனவு என்று தெரிகிறது, ஆனால் எதையும் மாற்றவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை என்ற நிலை சிலருக்கு வருகிறது. சாதாரணக் கெட்ட கனவைவிட அது கொடுமை. விபத்து, வன்முறை, போர் போன்ற பேரதிர்ச்சியின் நினைவுகள் கனவாகத் திரும்பத் திரும்ப வருபவர்கள் தனியாக அந்த இடத்துக்குப் போய் நிற்க வேண்டாம். அந்த அனுபவமுள்ள சிகிச்சையாளர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மாத்திரை போட்டால் உடனே வரும் என்கிறார்களே?

அவர்கள் சொல்வது பெரும்பாலும் கேலன்டமைன். அல்சைமர் நோய்க்குக் கொடுக்கப்படும் மருந்து அது. லபெர்ஜ் குழுவினர் 2018இல் வெளியிட்ட சோதனையில் 121 பேருக்கு வெற்று மாத்திரை, 4 மில்லிகிராம், 8 மில்லிகிராம் என மாற்றிக் கொடுத்தார்கள். தெளிவுக் கனவு முறையே 14%, 27%, 42% பேருக்கு வந்தது. வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நடு இரவில் எழுந்து, பயிற்சியோடு சேர்த்து எடுத்தவர்களிடம் கிடைத்த பலன் அது. மருந்துக்குக் குமட்டல், வாந்தி, உறக்கமின்மை போன்ற விளைவுகள் உண்டு, இதயத் துடிப்பையும் மெதுவாக்கும். இதயக் கோளாறோ ஆஸ்துமாவோ உள்ளவர்களுக்கு ஆபத்து. ஒரு கனவுக்காக இதயத் துடிப்போடு விளையாடுவது எனக்குப் புரியவில்லை.

பகல் வாழ்க்கையைவிடக் கனவு நன்றாக இருக்கிறது. இது அடிமைத்தனமா?

போதைப்பொருள் போல உடல் அடிமையாவதில்லை. கூடுதலாக வேண்டும் என்றாலும் மனம் நினைத்தபடி கனவு வருவதில்லை, அதுவே ஒரு பாதுகாப்பு. ஆனால் கனவுக்காகப் பகலிலும் படுத்துக்கிடப்பது, நண்பர்களைத் தவிர்ப்பது, எழுந்தவுடன் வெறுமை சூழ்வது என்று போனால், கனவைக் குற்றம் சொல்வதற்கு முன் பகலில் என்ன குறைகிறது என்று பார்க்க வேண்டும். அதிக நேரம் உறங்க விரும்புவதும் எதிலும் பிடிப்பற்றுப் போவதும் மனச்சோர்வின் அடையாளங்கள். அதற்கு நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன.

என் மகளுக்குப் பதினைந்து வயது. தெளிவுக் கனவு காண்கிறேன் என்கிறாள். தடுக்கவா?

வருவதைத் தடுக்க வேண்டாம். ஜெர்மனியில் பள்ளி மாணவர்களிடம் நடத்தி 2012இல் வெளியான ஆய்வில், சிறு பிள்ளைகளுக்கு இது தானாகவே அதிகம் வருவதும் ஏறக்குறைய 16 வயதில் குறைவதும் தெரிந்தது. பயமுறுத்தினால் அடுத்த முறை உங்களிடம் சொல்லமாட்டாள், அது பெரிய இழப்பு. அலாரம் வைத்து நடு இரவில் எழுகிறாளா என்று மட்டும் பாருங்கள். அந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் வேண்டும். பள்ளியும் கைபேசியும் ஏற்கெனவே அதில் கைவைத்துவிட்டன.

எனக்கு மேலே சொன்ன எந்தச் சிக்கலும் இல்லை. முயல நினைக்கிறேன். எப்படி?

உறக்கத்தை வெட்டாமல் முயலுங்கள். தினமும் ஒரே நேரத்தில் படுத்து, காலையில் எழுந்தவுடன் அசையாமல் கிடந்து கனவை நினைவுகூர்ந்து எழுதுங்கள். உறங்கப்போகும்போது தீர்மானத்தை மனத்தில் வையுங்கள். அலாரம் வைத்து எழும் முறையைச் செய்தே ஆக வேண்டுமென்றால் மறுநாள் விடுமுறையாக இருக்கும் இரவில், கூடுதலாக உறங்க நேரம் ஒதுக்கிக்கொண்டு செய்யுங்கள். வாரத்தில் ஓர் இரவுக்கு மேல் வேண்டாம். இந்த வரம்பு நான் வைப்பது, ஆய்வு தந்த எண் அல்ல. கிடைக்காத இரவைத் தோல்வியாக எண்ணுபவர்களுக்குத்தான் இந்தப் பொழுதுபோக்கு சீக்கிரம் கசந்துபோகிறது.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

பயிற்சியை நிறுத்தி இரண்டு மூன்று வாரம் ஆகியும் உலகம் நிஜமற்றது போன்ற உணர்வு விடாமல் இருந்தால். உறக்கம் திரும்பாமல் இருந்தால். உறக்கத்தில் கைகால் வீசி உங்களையோ பக்கத்தில் படுத்தவரையோ அடிக்கத் தொடங்கினால். விழித்திருக்கும்போது மற்றவர்களுக்குக் கேட்காத குரல் கேட்டாலோ, "கனவில் இருக்கிறேன், எனக்கு எதுவும் ஆகாது" என்ற எண்ணம் பகலில் வந்தாலோ, சாக வேண்டும் என்று தோன்றினாலோ அன்றைக்கே போங்கள், தனியாகப் போகவும் வேண்டாம்.

நிறுத்திவிட்டேன். ஆனாலும் வருகிறதே?

சில வாரம் வரும். கனவு நாளேட்டை மூடிவையுங்கள், பகல் சோதனைகளை விடுங்கள், இது பற்றிய காணொளிகளையும் கொஞ்ச நாள் பார்க்காதீர்கள். கவனம் விலகினால் எண்ணிக்கையும் பெரும்பாலும் குறையும். உறக்கத்தை ஒழுங்காக வைத்திருங்கள். இரவில் மது அருந்திக் கனவை அடக்கலாம் என்று நினைக்காதீர்கள்: மது முன்னிரவில் ஆர்.ஈ.எம். உறக்கத்தை அமுக்கிவிட்டு, பின்னிரவில் அதை வேகத்தோடு திருப்பிவிடும், அப்போது கனவுகள் இன்னும் தீவிரமாக வரும். இடையில் ஒரு தெளிவுக் கனவு வந்து, அதில் இருக்க விருப்பமில்லையென்றால் அங்கே ஏதாவது ஒரு பொருளை இமைக்காமல் உற்றுப் பாருங்கள். பலருக்கு அதிலேயே விழிப்பு வந்துவிடுகிறது.